பிரதம விருந்தினர் பாடுவதில்லை

வேரோனிக்காவுக்கு ஒரு பாட்டுப் பாட வேண்டும். அவ்வளவுதான். வீடு கேட்கவில்லை, காணி கேட்கவில்லை, கழுத்துக்கு மாலை கேட்கவில்லை. அவளே எழுதி அவளே மெட்டுப்போட்ட பாட்டு. ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும். அதைப் பாட ஒரு மேடை, கேட்க நாலு சனம், அந்த நாலு சனத்துக்குள் அவளுடைய அப்பா. இதற்குப் போய் அவள், ரொறொன்ரோவின் ஒரு மூலைக்குள் அடங்கிய அகில வெக்ஸ்போர்ட் முத்தமிழ்க் கலை பண்பாட்டு ஒன்றியத்திடம் மாட்டிக்கொண்டாள் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவளுடைய அப்பா அர்க்காதி லெனின்கிராட்டில் பாலம் கட்டிய பொறியியலாளர். மகளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது ரொறொன்ரோவுக்கு வந்தார். இங்கே அவருடைய படிப்பை ஒருவரும் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. அந்தக் கதையை எங்கள் சனத்துக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையில்லை. இரவில் ரக்சி ஓடினார். மகளாவது நல்லாயிருக்கட்டும் என்று, பல் சுத்தம் செய்கிற படிப்புக்குக் கொலிஜில் இடமும் எடுத்து வைத்திருந்தார். மகளோ கிற்றாரும் கையுமாகத் திரிந்தாள்.

திரிந்தாள் என்று சும்மா சொல்லவில்லை. டவுன்ரவுண் மதுச்சாலைகளில், ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முதுகுகளுக்குப் பாடினாள். இசைத்தட்டுக் கம்பனிக்காரன் ஒருவன் அவளைக் கூப்பிட்டு, "ரஷ்யப் பிள்ளை எண்டால் தலையில பூப்போட்ட துண்டு கட்டிக்கொண்டு ரஷ்யப் பாட்டெல்லே பாட வேணும், உனக்கென்னத்துக்கு இந்த ஊர்ப் பாட்டு?" என்று கேட்டு அனுப்பிவிட்டான். ஆத்திரத்தில் தானே ஒரு கசற் பதிவு செய்து, அதன் அட்டையையும் தானே வெட்டி ஒட்டி, சப்வே வாசலில் நின்று விற்றாள். வாங்கியவர்களில் பாதிப்பேர் குளிரில் நிற்கிறாளே என்று பாவம் பார்த்தவர்கள். மற்றப் பாதிப்பேர் மிச்சக் காசு வாங்க மறந்தவர்கள்.

வீட்டில் அவள் கிற்றாரைத் தொட்டால் அர்க்காதி எழுந்து மற்ற அறைக்குப் போய்விடுவார். அவளுடைய பாட்டுகளில் ஒன்றையேனும் அவர் முழுசாகக் கேட்டது கிடையாது. அதுதான் அவளை அரித்தது. ஏனென்றால் அவள் எழுதியதிலேயே நல்ல பாட்டு அவரைப் பற்றியது. முதல் பனிக்காலத்தில் சறுக்குப் பலகை வாங்க வசதியில்லாமல், ரெலிவிஷன் வந்த மட்டைப் பெட்டியில் மகளை இருத்தி, கயிறு கட்டி, வார்டன் வீதி நீளத்துக்குப் பள்ளிக்கூடம் வரையும் இழுத்துக்கொண்டு போனாரே, அந்தப் பாட்டு.

ஒருநாள் இருவருக்கும் பெரிய சண்டை. ரஷ்ய மொழியில் நடந்த சண்டையை நமக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிடுவோம்.

"சரி, ஒருக்கா வாறன்," என்றார் அர்க்காதி. "ஒரேயொருக்கா. நீ பாடிச் சனம் உன்னை மதிக்குது எண்டு என்ர கண்ணாலை கண்டால், பேந்து நான் வாயே திறக்க மாட்டன். இல்லையெண்டால் திங்கட்கிழமை நீ கொலிஜுக்குப் போறாய்."

வேரோனிக்கா லோரன்ஸ் வீதியில் ஒரு டோனட் கடையில் வேலை செய்தாள். கூட வேலை செய்தவள் றீற்றா. யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரி, கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள், பாட்டென்றால் உயிர். பின்பக்கம் மா குழைக்கும்போது வேரோனிக்கா அந்த மட்டைப் பெட்டிப் பாட்டைப் பாட, றீற்றா கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பி ஊற்றிக் கோப்பையை நிரம்பி வழியவிட்டாள். அன்றிலிருந்து இருவரும் ஒட்டு. இருவரும் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் றீற்றாவின் ஆங்கிலமும் பாசையூர்த் தமிழ் மாதிரியே இருக்கும் என்பதால் அப்படியே எழுதலாம்.

"எங்கட ஊரில வீட்டுக்கு வீடு ஒரு வேரோனிக்கா இருக்கிறா. உன்னை நான் வெளியாள் எண்டு நினைக்கிறதேயில்லை," என்றாள் றீற்றா. "எங்கட அவர் ஒன்றியத்தில செக்ரற்றி. வாற சனிக்கிழமை ஆண்டு விழா. மண்டபம் நிறையச் சனம் வரும். நீ வந்து பாடு. உன்ர அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. எங்கட சனம் கை தட்டினால் கூரை பறக்கும்."

பாவம் றீற்றா, நல்ல மனதோடுதான் சொன்னாள்.

நிர்வாகசபைக் கூட்டம் யூனியன்வில்லில், தலைவர் ஸ்ரீஸ்கந்தராசாவின் வீட்டுப் பேஸ்மென்ற்றில் நடந்தது. ஸ்ரீஸ்கந்தராசா ஊரில் ஒரு அரசாங்கக் கந்தோரில் பிரதம லிகிதராக இருந்தவர். ஊரை விட்டு வந்தாலும் கந்தோரை விட்டு வரவில்லை. பாடிக் காட்டச் சொல்வார்கள் என்று நினைத்து வேரோனிக்கா கிற்றாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். வாசலிலேயே ஒருவர் மிக மரியாதையாக அதை வாங்கிச் சப்பாத்துகளோடு வைத்துவிட்டார். பிளாஸ்ரிக் உறை கழற்றாத சோபாவில் அவளை இருத்தி, மட்டன் ரோல்ஸ் கொடுத்தார்கள்.

"ஒருக்காப் பாடிக் காட்டட்டோ?" என்று கேட்டாள் வேரோனிக்கா.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"வேண்டாம் தங்கச்சி. பாட்டைக் கேட்டுப்போட்டு ஆளைத் தெரிவு செய்யிறது எங்கட மரபில்லை. கேட்டால் பக்கச்சார்பு வந்திடும். நானும் எட்டு வருஷமா இந்த ஒன்றியத்தை நடத்திறன், ஒரு கலைஞரின்ர பாட்டையும் முழுசாக் கேட்டதில்லை. அதாலதான் இண்டைவரைக்கும் ஒருத்தரோடையும் எனக்கு மனஸ்தாபமில்லை."

பொருளாளர் மங்கையற்கரசிக்கு அந்தப் பிள்ளை தமிழில் பாடுமா என்று ஒரு சந்தேகம். அந்தப் பேச்சு ரோல்ஸ் முடியும் வரை இழுபட்டது. கடைசியில், வெள்ளைக்காரப் பிள்ளை மேடையில் நின்றால் நகரசபைக்காரருக்கு எங்களில் மதிப்பு வரும், ஆகவே எந்த மொழியிலும் பாடலாம், எப்படியும் ஒருவரும் கேட்கப் போவதில்லை என்று ஏகமனதாக முடிவாயிற்று. செயலாளர் கிறிஸ்துநாயகம், அவர்தான் றீற்றாவின் கணவர், நன்றியுரையை அந்த இடத்திலேயே எழுதி வாசித்தார். அதில் 'செல்வி வேரோனிக்காவின் பாடல் அனைவர் நெஞ்சையும் உருக்கியது' என்று ஏற்கெனவே இருந்தது. தலைவர் அதில் 'உருக்கி, நெகிழ வைத்தது' என்று ஒரு திருத்தம் சொன்னார். திருத்தம் நிறைவேறியது.

"என்னைத் தெரிவு செய்திட்டினமோ?" என்று திரும்பி வரும்போது காருக்குள் கேட்டாள் வேரோனிக்கா.

"ஓம், ஓம்," என்றாள் றீற்றா. "அதோட நீ நல்லாப் பாடியும் போட்டாய்."

சனிக்கிழமை வந்தது. ஜூன் மாதம். விழா ஒரு பாடசாலை மண்டபத்தில் ஐந்து மணிக்கு என்று நோட்டீசில் போட்டிருந்ததை நம்பிய ஒரே மனிதர் இந்த ரொறொன்ரோவில் அர்க்காதிதான். இருந்த ஒரேயொரு கோட்டைப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, ரக்சியைப் பாடசாலை வாகனத் தரிப்பிடத்தில் விட்டுவிட்டு, மண்டபத்தின் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். மகளையும் அவரையும் தவிர மண்டபத்தில் வேறு ஒருவரும் இல்லை. அறிவிப்பாளர் வினோதன் மட்டும் ஏணியில் ஏறி நின்று பதாகை கட்டிக்கொண்டிருந்தார்.

"இண்டைக்குத்தானோ?" என்று மகளிடம் கேட்டார் அர்க்காதி.

"இண்டைக்குத்தான் அப்பா."

"ஒன்பதுக்கு நான் வேலை தொடங்க வேணும். பிந்தினால் ரக்சியைப் பறிச்சு வேற ஆளிட்டைக் குடுத்திடுவாங்கள்."

"அதுக்கு முதல் நான் பாடிப்போடுவன்," என்றாள் அவள். ஒரு பாட்டுத்தானே, எப்படியும் பாடி முடித்துவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டாள். எங்கள் சனத்தின் கணக்கு அவளுக்கு எங்கே தெரியும்.

சனம் ஆடிப்பாடி வந்து சேர ஆறரை ஆயிற்று. மங்கல விளக்கேற்றலோடு விழா தொடங்கியது. பாடசாலைக்குள் நெருப்புக் கொளுத்த அனுமதி இல்லை. அதனால் குத்துவிளக்கில் திரிக்குப் பதிலாக மின்குமிழ்கள் பூட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பிரமுகரும் பற்றவைக்காத மெழுகுதிரியைக் குமிழுக்குக் கிட்டக் கொண்டுபோக, திரைக்குப் பின்னால் ஒருவர் சுவிச்சைப் போட்டார். பிரமுகர்கள் குமிழ்களைவிட அதிகம். ஆகவே எல்லாக் குமிழும் எரிந்து முடிந்ததும், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி முதலில் இருந்து ஏற்றினார்கள். விளக்கு அன்று பலமுறை ஏற்றப்பட்டது. அர்க்காதி ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றார்.

அடுத்தது வரவேற்புரை. கிறிஸ்துநாயகம் வந்தவர்களைப் பெயர் சொல்லி வரவேற்றார். பிறகு வழியில் வந்துகொண்டிருப்பவர்களை வரவேற்றார். பிறகு வர இயலாதவர்களையும் வரவேற்றார். யாருடைய பெயராவது விடுபட்டால் அடுத்த கிழமையே அந்த ஆள் புது ஒன்றியம் தொடங்கிவிடுவார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருவரை அப்படி விட்டுவிட்டதில் பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லில் தனி ஒன்றியம் உருவாயிற்று. அப்போது ஸ்ரௌவ்வில்லில் ஒரேயொரு தமிழ்க் குடும்பம்தான் இருந்தது. அந்த வீட்டில் கணவர் தலைவர், மனைவி செயலாளர், இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

வரவேற்புரைக்குப் பிறகு ஆசியுரை. ஆசியுரைக்குப் பிறகு தலைமையுரை. தலைமையுரையில் ஸ்ரீஸ்கந்தராசா, கலை வளர வேண்டுமானால் பேச்சைக் குறைத்துச் செயலில் இறங்க வேண்டும் என்பதை விரிவாக விளக்கினார். மேடைக்குப் பக்கத்தில் நடனத்துக்கு உடுத்தி நின்ற பிள்ளைகள் முதலில் நின்றார்கள், பிறகு இருந்தார்கள், பிறகு மைபூசிய கண்ணோடு ஒன்றின் மேல் ஒன்றாகச் சரிந்து நித்திரையானார்கள். அவர்களுக்கு நடுவில் வேரோனிக்கா கிற்றாரைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். திரை இடுக்கால் பார்த்தால், அப்பா கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்ப்பது தெரிந்தது. அவள் றீற்றாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"றீற்றா, எப்ப நான்?"

"உவையின்ர வாய் ஓய்ஞ்ச உடனை," என்று சொன்ன றீற்றாவுக்கே அதில் நம்பிக்கை வரவில்லை. நேரே தலைவரிடம் போனாள்.

"அண்ணை, உந்தப் பிள்ளையின்ர தேப்பன் ஒன்பது மணிக்கு வேலைக்குப் போக வேணும். மனுசன் அஞ்சு மணியில இருந்து காஞ்சுபோய்க் கிடக்கிறார். ஒரு பாட்டுத்தானே, முன்னுக்குப் போட்டுவிடுங்கோ."

"கலை நிகழ்ச்சியை முன்னுக்குப் போட ஏலாது, றீற்றா," என்றார் தலைவர் மிகப் பொறுமையாக. "ஆட்டம் பாட்டு முடிஞ்சால் தாய் தேப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டை போயிடுவினம். பேந்து நாங்கள் ஆருக்கு உரை நிகழ்த்திறது? கதிரைக்கோ? சனத்தைப் பிடிச்சு வைக்கத்தானே பிள்ளையளை உடுத்தி நிப்பாட்டியிருக்கிறம். இது எட்டு வருஷ அனுபவம்."

"அப்ப அந்தப் பிள்ளைக்கு வழியே இல்லையோ அண்ணை?"

தலைவர் யோசித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் ஒரேயடியாக மாட்டேன் என்று சொல்லியிருப்பார், வேரோனிக்காவும் வீட்டுக்குப் போயிருப்பாள்.

"முன்னுக்கு மேடை ஏறுறவை விருந்தினர் மட்டும்தான்," என்றார். "அப்ப, பிள்ளையைக் கௌரவ விருந்தினர் ஆக்கிவிடுவம். இப்பவே கூப்பிடலாம்."

றீற்றாவுக்கு வாயெல்லாம் பல். ஓடிவந்து வேரோனிக்காவின் கன்னத்தைக் கிள்ளினாள். வினோதன் மைக்கில் பெயரை முழங்கினார். வேரோனிக்கா கிற்றாரைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு நடந்தாள். படியிலேயே யாரோ, "பாரமெல்லே, தாங்கோ பிள்ளை," என்று கிற்றாரை வாங்கிவிட்டார்கள். மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். வெள்ளைத் துணி விரித்த நீள மேசைக்குப் பின்னால், தண்ணிச் சாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இருத்தினார்கள். அவள் கீழே அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அர்க்காதி நிமிர்ந்து உட்கார்ந்து கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். கோபம் வருகிறதாக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இருந்தாள், இருந்தாள், இருந்துகொண்டே இருந்தாள். பக்கத்தில் இருந்தவர் பேசினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் பேசினார். இனிப் பாடலாம் என்று அவள் எழும்ப, கிறிஸ்துநாயகம் பின்னால் வந்து தோளை அமர்த்தி இருத்தினார். றீற்றா திரைக்குப் பின்னால் கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சேருங்கோ, ஏன் அவவைப் பாட விடேல்லை?"

"விருந்தினர் பாடுறேல்லை, றீற்றா."

"அப்ப ஏன் மேடைக்குக் கூப்பிட்டனீங்கள்?"

"கௌரவிக்கத்தான்."

"எதுக்குக் கௌரவம்?"

"அவவின்ர பாட்டுக்கு."

"அவ இன்னும் பாடேல்லையே!"

"இஞ்சை பாரும், அது நடைமுறைப் பிரச்சினை," என்றார் கிறிஸ்துநாயகம். "பொன்னாடை போர்த்தின ஆளைப் பாட விட்டால், நாளைக்கு ஒரு மந்திரி வந்தாலும் சனம் பாடச் சொல்லிக் கேக்கும். ஒன்றியத்தின்ர மரியாதை என்னத்துக்கு ஆகும்? நீர் போய்த் தேத்தண்ணியைப் பாரும்."

றீற்றா ஒரு நாளும் கணவரை எதிர்த்துப் பேசியவள் அல்ல. அன்று பேசினாள். அதை இங்கே எழுத முடியாது. ஆனால் அதற்கிடையில் வேறொரு இடி விழுந்தது. பிரதம விருந்தினராக வரவேண்டிய நகரசபை உறுப்பினர் வரவில்லை என்று தொலைபேசியில் செய்தி வந்தது. ஸ்ரீஸ்கந்தராசாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிரதம விருந்தினர் இல்லாமல் விழா நடந்தால் அது ஒன்றியத்தின் யாப்பு விதிகளின்படி விழாவே அல்ல. இவ்வளவு நேரமும் நிகழ்த்திய உரைகளெல்லாம் செல்லாமல் போய்விடும். எல்லாவற்றையும் முதலில் இருந்து நிகழ்த்த வேண்டி வரும்.

றீற்றா இதுதான் தருணம் என்று நினைத்தாள்.

"அண்ணை, பிரதம விருந்தினர்தான் இல்லையே. அந்த இடத்தில உந்தப் பிள்ளைக்குச் சந்தர்ப்பம் குடுங்கோவன்!"

அவள் சொன்னது ஒன்று, அவர் எடுத்தது ஒன்று. தலைவர் மேடைப் பக்கம் திரும்பி வேரோனிக்காவை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளைத் தோல். ஆங்கிலம். ஏற்கெனவே மேடையில் இருக்கிறாள்.

"றீற்றா," என்றார் குரல் தழுதழுக்க, "நீர்தான் இண்டைக்கு ஒன்றியத்தைக் காப்பாத்தினனீர்."

பிரதம விருந்தினரின் கதிரை மற்றவற்றைவிட உயரம், சிவப்பு வெல்வெற் போட்டது. அதில் வேரோனிக்காவை இருத்தி இரண்டாவது பொன்னாடையும் போர்த்தினார்கள். அறிமுகவுரை நகரசபை உறுப்பினருக்கென்று எழுதியது. மாற்றி எழுத நேரமில்லை. வினோதன் பெயரை மட்டும் மாற்றி, விருந்தினருக்கு விளங்க வேண்டுமென்று ஆங்கிலத்திலும் வாசித்தார். வேரோனிக்கா பல வருஷங்களாக வீதிகளைச் செப்பனிட்டிருக்கிறாள். பூங்காக்களுக்கு மின்விளக்குப் போட்டிருக்கிறாள். ஸ்காபரோவின் குப்பை அள்ளும் ஒழுங்கைத் தலைகீழாக மாற்றியிருக்கிறாள். மண்டபம் கை தட்டியது. ஏனம்மா, இருபத்திரண்டு வயதுப் பெண் எப்போது இவ்வளவும் செய்தாள் என்று ஒரு குஞ்சு குருமான்கூடக் கேட்கவில்லை. மேடையில் வாசித்தால் சரிதானே.

வேரோனிக்கா கீழே அப்பாவைப் பார்த்தாள். அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். அவமானத்தில் அப்பா அழுகிறார் என்று நினைத்தாள். போதும் என்று எழுந்து, நேரே மைக்குக்கு நடந்தாள். அதிர்ஷ்டவசமாக நிகழ்ச்சி நிரலிலும் அப்போது பிரதம விருந்தினர் உரைதான். மொழிபெயர்க்கத் தலைவரே பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்குப் பேச ஒண்டும் இல்லை," என்றாள் அவள் ஆங்கிலத்தில்.

"எங்கட விருந்தோம்பலைக் கண்டு அவவுக்குப் பேச்சே வரேல்லையாம்!" என்றார் தலைவர். கைதட்டல்.

"நான் பிரதம விருந்தினர் இல்லை. குப்பையைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. நான் டோனட் கடையில வேலை செய்யிறன்."

"இவ்வளவு செய்தும் தான் ஒரு சாதாரண ஆள் எண்டு சொல்லுறா. இந்த அடக்கத்தை எங்கட இளஞ்சமுதாயம் படிக்க வேணும்!" இன்னும் பெரிய கைதட்டல்.

"என்ர அப்பா கீழ இருக்கிறார். அவருக்கு நேரம் போட்டுது. தயவுசெய்து என்னைப் பாட விடுங்கோ. ஒரேயொரு பாட்டு."

"தன்ர தேப்பனாரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறா! பெத்தாரை மதிக்கிற பண்பை அவ எங்களிட்டை இருந்துதான் எடுத்தவவாம்! ஐயா, ஒருக்கா எழும்பி நில்லுங்கோ!"

தலைவர் கை காட்ட அர்க்காதி எழும்பினார். முழு மண்டபமும் திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து அவருக்காக ஒருவரும் கை தட்டியதில்லை. அவர் நெஞ்சில் கை வைத்து, நாலு பக்கமும் தலைகுனிந்து வணங்கினார்.

வேரோனிக்கா இனி யாரையும் கேட்பதில்லை என்று தீர்மானித்தாள். கிற்றாரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். கண்ணை மூடி, வாயைத் திறந்து, மட்டைப் பெட்டிப் பாட்டின் முதல் வரியை எடுத்தாள்.

பிரதம விருந்தினர் பேச்சை நிறுத்திக் கண்ணை மூடினால் உரை முடிந்தது என்று அர்த்தம். ஒலிபெருக்கிக்காரர் எட்டு வருஷமாக இதே வேலையைச் செய்கிறவர். கடமை தவறாமல் நாதஸ்வரக் கசற்றைத் தட்டிவிட்டார். கெட்டிமேளம் மண்டபத்தை இடித்துப் பிளந்தது. வேரோனிக்கா விடவில்லை. இரண்டாவது வரியைக் கத்திப் பாடினாள். அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை. மூன்றாவது வரியில் மூன்றாவது பொன்னாடை விழுந்தது, கையில் 'பண்பாட்டுப் பேரொளி' என்று பொறித்த கேடயம் திணிக்கப்பட்டது, கமராக்காரர் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார். அவள் பார்த்தாள். முன்வரிசையில் அப்பாவின் கதிரை காலியாக இருந்தது.

கேடயத்தோடும் பொன்னாடைகளோடும் அவள் மேடையை விட்டுக் குதித்தாள். வழியில் கிற்றாரைப் பெட்டியோடு பிடுங்கிக்கொண்டாள். பிரதம விருந்தினர் இடையில் இறங்கக் கூடாது என்று பின்னால் யாரோ கத்தினார்கள். திரும்பியும் பார்க்கவில்லை.

வெளியில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அர்க்காதி ரக்சியைத் திறந்துகொண்டு நின்றார்.

"அப்பா, ஒரு நிமிஷம்!" அவளுக்கு மூச்சு வாங்கியது. "இதிலயே பாடுறன். இப்பவே. நேரம் எடுக்காது." கேடயத்தை நிலத்தில் போட்டுவிட்டு, குந்தியிருந்து கிற்றார்ப் பெட்டியைத் திறந்தாள்.

அர்க்காதி முதலில் கேடயத்தைப் பொறுக்கி, கோட்டுக் கையால் துடைத்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து, கிற்றார்ப் பெட்டியை மெல்ல மூடினார்.

"எழும்பு பிள்ளை, சனம் பாக்குது. இப்பிடியான ஆள் வாகனம் விடுற இடத்தில குந்தியிருந்து பாடுறதோ?"

"எப்பிடியான ஆள்? அப்பா, உள்ளுக்கு வாசிச்சதெல்லாம் பொய்! நான் எந்த வீதியைத் திருத்தினனான்?"

"பொய்யோ மெய்யோ, மேடையில வாசிச்சாச்சு," என்றார் அவர். "நீ சின்னப்பிள்ளை, உனக்குத் தெரியாது. அங்க நான் கட்டின ஒவ்வொரு பாலத்துக்கும் திறப்பு விழா வைச்சவை. இதே மாதிரி வெள்ளைத் துணி, இதே மாதிரித் தண்ணிச் சாடி. அந்த மேசையில இருந்த ஒருத்தனும் பாலம் கட்டினவனில்லை. கட்டின நான் கடைசி வரிசையில நிண்டு கை தட்டினன். பாட்டுக்காரர் எங்களுக்கும் பின்னால, லொறிக்குள்ள. எங்கட குடும்பத்தில ஒரு ஆளாவது அந்த மேசையில இருக்க மாட்டமோ எண்டு எத்தினை நாள் யோசிச்சிருப்பன்." அவர் மண்டபப் பக்கம் கை காட்டினார். "இண்டைக்கு என்ர மகள் நடுவில, சிவப்புக் கதிரையில. எனக்கும் எழும்பி நிக்கச் சொல்லிக் கை தட்டினவை."

"அப்பா, நான் பாடவேயில்லை!"

"அதைத்தான் நானும் சொல்லுறன். பாடாமலே இவ்வளவு."

இவ்வளவு காலமும் அவள் ஏங்கியது இந்த முகத்துக்குத்தான். பெருமையில் பூரித்த அப்பாவின் முகம். அது இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அதை ஓங்கி அறைய வேண்டும்போல அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"கொலிஜுக்கு இனிப் போக வேண்டாம்," என்றார் அர்க்காதி. "நான் குடுத்த வாக்கு வாக்குத்தான். இனி வாயே திறக்க மாட்டன்."

"அது உங்களைப் பற்றின பாட்டு அப்பா. உங்களுக்கெண்டு எழுதினது."

அர்க்காதி நெகிழ்ந்துபோனார். மகளின் தலையைத் தடவினார்.

"என்னைப் பற்றியோ? அப்ப அதைக் கவனமா வைச்சிரு. நல்ல பாட்டுக்காரர் ஆரையாவது பிடிச்சுப் பாடுவிப்பம்."

கிற்றாரை எடுத்து ரக்சியின் பின்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். முன்னாசனத்தில் கேடயத்தை நிமிர்த்தி வைத்து அதற்குப் பெல்ற் போட்டார். பிறகு சுற்றி வந்து, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பொன்னாடைகள் நிலத்தில் இழுபட வேரோனிக்கா ஏறினாள். வேறு என்ன செய்வாள்.

ரக்சி தரிப்பிடத்தை விட்டு வீதிக்கு இறங்கியது. பின்னாசனத்தில் இருந்து, யாரிடமும் கேட்காமல், கிற்றாரும் இல்லாமல், அவள் அந்தப் பாட்டைத் தொடங்கினாள். முதல் வரி சுத்தமாக வந்தது. அர்க்காதி திடுக்கிட்டுக் கண்ணாடியில் அவளைப் பார்த்தார், பிறகு வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்த பொத்தான்களை அவசர அவசரமாக அழுத்தி, நாலு யன்னல் கண்ணாடியையும் மேலே ஏற்றினார்.

"மெல்ல, பிள்ளை," என்றார். "ஆராவது கேட்டுப்போடுவினம்."